சுடுமணல் ஆறுமுன்

இன்று காலை படகில் வாவியைக் கடந்து இராணுவச் சோதனை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சீருடையில் இரண்டு மாணவிகள். நெட்டையானவள் ஒரு மரப்பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

"இடிக்காத புள்ள, ஒரு முட்டைக்குள்ள குஞ்சு தட்டுது," என்றாள்.

"பொய் சொல்லாத கா," என்றாள் மற்றவள்.

"உண்மைதான். ஷெல் சத்தத்துக்கு எங்கட கோழி அடையை விட்டுட்டு ஓடிட்டு. அதுக்கு மறுகாதான் தொழில்நுட்பப் பாடத்துக்கு இந்தப் பெட்டியைச் செஞ்சி, முட்டையளை இதுக்குள்ள வெச்சன்."

"கோழியே ஓடின இடத்துல நீ குந்தியிருந்து அடைகாத்திருக்காய்! குஞ்சு பொரிச்சாத்தான் புள்ளி, வெறும் பெட்டிக்கு இல்லையெண்டு டீச்சர் சொன்னாவே."

"அதான் பயம். சூட்டுக்கு விளக்கோட வந்தா ஆமிக்காரனுகள் விடமாட்டானுகள் எண்டு சுடுமணல்தான் வெச்சிருக்கன். அது ஆறுது."

வரிசை நகரவில்லை. எனக்குப் பின்னால் நின்ற மீன்காரர், "புள்ளயள முன்னுக்கு விடுங்க! பெட்டி ஆறுதாம்!" என்று சத்தமிட்டார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள்.

சிப்பாய் மூடியைத் திறக்கச் சொன்னான். உள்ளே உடைந்த முட்டையொன்றிலிருந்து கீச்சென்று ஒரு குஞ்சின் குரல் வந்தது. அவன் குனிந்து பார்த்தான். துப்பாக்கியை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு, தன் கையாலேயே மூடியைச் சாத்தினான்.

"குளிர், குளிர். போ," என்றான் அரைகுறைத் தமிழில்.

இருவரும் பள்ளிக்கூடப் பக்கம் விரைந்தார்கள்.

"இனி டீச்சரை அடைகாக்கச் சொல்லு!" என்று சிரித்தாள் தோழி.

தெரு வளைவில் நெட்டையானவள் நின்று பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு மீன்காரரைப் பார்த்து, எங்கள் வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கத்தினாள்:

"மாமா! ரெண்டாவதும் பொரிச்சிட்டு!"