வேண்டுதல் இல்லாத மலை

யுத்தம் முடிந்த மறுவருஷம், சித்திரை மாதம். திருத்தணி ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டிக்காகக் காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒருத்தி தன் அக்காவிடம் பெருமை பொங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ரயில்வேயில பாஸ் குடுத்துட்டாங்கக்கா. அதுல என்னையும் எழுதியிருக்காங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளு ஏற்காட்டுக்குப் போறோம். மலைமேல பெரிய ஏரி இருக்குதாம்."

"ஏரியில குளிச்சிட்டு யாருக்கு மொட்டை போடப்போறீங்க?"

"யாருக்கும் இல்ல."

"அப்போ காவடியா?"

"கோயிலுக்கே போவலக்கா. சும்மா ஏரியைப் பாத்துகினு உக்காந்திருக்கப் போறோம்."

"சாமி கும்புடாம மலை எதுக்குடி ஏறுறது?"

தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நம்ம மலைய எத்தினி வாட்டி ஏறியிருக்கேன்? மாமியார் காலுக்கு, புள்ள ஜொரத்துக்கு, அவரு வேலைக்குன்னு ஒவ்வொரு வாட்டியும் வேண்டிகினுதான் ஏறினேன். ஒரு மலையாவது யாருக்காகவும் எதுவும் கேக்காம ஏறப்போறேன்."

அக்கா தங்கையின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். வண்டிக்கு மணி அடித்தார்கள்.

"ஏண்டி, அந்தப் பாஸ்ல அக்காவையும் சேத்துக்குவாங்களா?"