பின் அடித்த பக்கங்கள்

வாணி: இந்து... ஏய் இந்து! இங்க வா. இன்னாடி பண்ணி வச்சிருக்க இந்த புக்க?

இந்து: எந்த புக்கும்மா?

வாணி: நேத்து பெங்களூர்லருந்து எடுத்துகினு வந்தியே, இந்த நாவல்தான். நடுவுல இம்மாம் பக்கத்த ஒண்ணா சேத்து பின் அடிச்சிருக்குது.

இந்து: ஓ... அதுவா. அத விட்டுட்டு மேல படி.

வாணி: விட்டுட்டு எப்படி படிக்கறது? கடைக்காரன் பண்ண வேலையா?

இந்து: நான்தான் அடிச்சேன்.

வாணி: நீயா? எனக்கா?

இந்து: ஏன், நீ எனக்கு அடிக்கல?

வாணி: அது... அப்போ நீ கொழந்தடி. ஏழாவது படிக்கற பொண்ணு, நான் கீழ வச்ச நாவல எல்லாம் தூக்கிகினு போனா? கண்றாவியா ஒரு பக்கம் வந்தா பின் அடிச்சிடுவேன். உங்கப்பா ஸ்டேப்லர் வாங்கினு வந்ததே அதுக்குதான்.

இந்து: இந்த ஊரிகம் லைன் ஊடுங்க எல்லாத்துலயும் ஸ்டேப்லர் வச்சிகினு கத படிச்ச ஒரே பொம்பள நீதான்.

வாணி: சிரிப்ப பாரு. நீ மட்டும் யோக்கியமா? பின் அடிச்ச புக்க குழா மாதிரி வளைச்சி, ஒத்த கண்ண மூடிகினு உள்ள எட்டிப் பாப்ப. நான் அடுப்பாண்ட நின்னா எனக்கு தெரியாதுன்னு நெனச்சியா?

இந்து: பாத்தியா! அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?

வாணி: இன்னாத்த சொல்றது... வளர்ற பொண்ணு. வருஷா வருஷம் பின்ன கொறச்சிகினே வந்தேன். நீ பி.எஸ்.சி. சேந்ததும் எத மறைக்கறதுன்னு எனக்கே தெரியல. ஒரு நாள் நீயே எனக்கு ஒரு கதைக்கு அர்த்தம் சொன்ன. அன்னிக்கி ஸ்டேப்லர தூக்கி மேல வச்சிட்டேன்.

இந்து: எந்தக் கத?

வாணி: பேச்ச மாத்தாத. இந்த பக்கத்துல இன்னா இருக்குது?

இந்து: ஒண்ணும் இல்ல. போர் அடிக்கும்.

வாணி: ஆஸ்பத்திரி வருதா? கதையில அந்த டீச்சரம்மா நல்லாதான இருந்தா? பசங்களுக்கு பாடம் நடத்தினு இருந்தவ, சட்டுனு மார்ல கை வச்சிகினு உக்காந்துட்டா. அங்கயே பின் அடிச்சிட்ட.

இந்து: அதோட விடும்மா. உன் டெஸ்ட்டு ரிசல்ட்டு வர்ற வரைக்கும் இதெல்லாம் உனக்கு வேணாம்.

வாணி: ம்...

இந்து: வியாழக்கிழம குடுத்தா சனிக்கிழம வரும்னுதான சொன்னாங்க? இன்னிக்கி சனி.

வாணி: வரும், வரும். காபி போடட்டா?

இந்து: நான் ஒரு ஃபோன் பண்ணி கேக்கறேனே.

வாணி: வேணாம்! ...சனிக்கிழம யாரு எடுக்கப் போறாங்க.

இந்து: வலிக்குதாம்மா?

வாணி: மார்ல அந்த கட்டியா? இல்ல. சுண்டக்கா மாதிரி அது பாட்டுக்கு இருக்குது. போன மாசம் குளிக்கறப்பதான கைல பட்டுச்சி. சும்மா அதையே கேட்டுகினு இருக்காத.

இந்து: பக்கத்து ஊட்டு ஐடா ஆன்ட்டி ஆஸ்பத்திரிக்கு உன்கூட வந்தது நல்லதாப் போச்சி. தனியா போயிருந்தா நீ பயந்திருப்ப.

வாணி: ஆமா... அவங்க இருந்தாங்க.

ஐடா: வாணி... கதவு தெறந்தே கெடக்குது. கொஞ்சம் கருவேப்பில இருக்குமா?

வாணி: ஐயோ... வாங்க ஐடாக்கா. இந்தாங்க, எவ்ளோ வேணும்னாலும் எடுத்துகினு போங்க.

இந்து: உக்காருங்க ஆன்ட்டி. இப்பதான் உங்களப் பத்தி பேசினு இருந்தோம். வியாழக்கிழம அம்மாகூட அவ்ளோ தூரம் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே, ரொம்ப தேங்க்ஸ்.

ஐடா: ஆஸ்பத்திரியா? ...ஆங். ஆமா ஆமா. அதுக்கு இன்னா கண்ணு...

இந்து: ரொம்ப நேரம் உக்கார வச்சாங்களாமே?

ஐடா: நேரம்... இன்னா வாணி, எவ்ளோ நேரம்?

வாணி: மத்தியானம் வரைக்கும்க்கா. மறந்துட்டீங்களா?

இந்து: ஊசி குத்தி எடுத்தாங்களே, அப்போ நீங்க பக்கத்துலயேவா இருந்தீங்க?

ஐடா: ஊசியா! யேசப்பா... எனக்கு ஊசின்னாலே... வாணி, குக்கர் வச்சிட்டு வந்தேன்மா. நான் வர்றேன். அந்த நாவல முடிச்சிட்டு எனக்கு குடு. இந்துவுக்கு அடிச்ச மாதிரி எனக்கும் பின் அடிச்சி குடுத்துடாத.

வாணி: பாவம், குக்கர் வச்சிட்டு...

இந்து: கருவேப்பில இங்கயே கெடக்குது.

வாணி: மறந்துட்டாங்க. குடுத்துட்டு வர்றேன்...

இந்து: உக்காரும்மா. நேத்து ஆஸ்பத்திரிக்கு நான் ஃபோன் பண்ணிட்டேன். வியாழக்கிழம உன் பேர்ல யாரும் வரவேயில்லன்னாங்க.

வாணி: பேர தப்பா எழுதியிருப்பாங்க. அவங்க கன்னடத்துல...

இந்து: அம்மா!

வாணி: கத்தாதடி. லைன் முழுக்க கேக்கும்.

இந்து: கேக்கட்டும். நேத்து ட்ரெயின்ல கிருஷ்ணராஜபுரத்துலருந்து பங்காரப்பேட்டை வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உக்காந்துகினு வந்தேன், தெரியுமா? எதுருல இருந்தவங்க யாரு செத்துட்டாங்கன்னு கேட்டாங்க.

வாணி: அப்போ... தெரிஞ்சிகினேவா இவ்ளோ நேரம் கேட்ட? ரிசல்ட்டு எப்ப, வலிக்குதான்னு...

இந்து: நீயா சொல்லுவன்னு பாத்தேன்.

வாணி: பின்னு? நான் பயந்துடுவேன்னு அடிச்சது இல்லையா?

இந்து: போன வாரம் ட்ரெயின்ல நான் படிச்ச புக்கு இது. நேத்து ஃபோன வச்சதும் ஆபீஸ் ஸ்டேப்லர எடுத்தேன். சும்மா குடுத்தா நீ அந்த பக்கத்த தள்ளிட்டு போயிடுவ. பின் அடிச்சா... நான் சின்ன வயசுல வார்த்த விடாம படிச்சதே நீ பின் அடிச்ச பக்கத்த மட்டும்தாம்மா.

வாணி: திருட்டுக் கழுத.

இந்து: யாரு பொண்ணு? எடு, பிரிச்சி படி.

வாணி: படிச்சிட்டேன்.

இந்து: இன்னாது?

வாணி: காலைல நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடியே. பின்ன பிரிச்சி படிச்சிட்டு, அதே ஓட்டையில திரும்ப சொருகினேன். வெரல்ல குத்திச்சி.

இந்து: அப்புறம் எதுக்கு இன்னா இருக்குது, இன்னா இருக்குதுன்னு என்ன கேட்ட?

வாணி: உன் வாயால கேக்கணும்னு... தெரியலடி. அந்த டீச்சரும் ஊட்ல பொய் சொல்றா. போனேன், ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னு. அப்புறம் டாக்டரம்மா அவள திட்றாங்க, ஏம்மா இவ்ளோ நாள் சும்மா இருந்தன்னு. அதுக்கு மேல என்னால முடியல. செத்துட்றாளா?

இந்து: இல்லம்மா. ஆபரேஷன் பண்றாங்க. திரும்ப ஸ்கூலுக்கு போறா. சத்தியமா.

வாணி: அது கத. எழுதறவங்களுக்கு மனசு வந்தா பொழைக்க வச்சிடுவாங்க.

இந்து: நெசத்துலயும் பொழைக்கறாங்க. சீக்கிரமா போனா.

வாணி: நான் போவாம இல்ல. போனேன்டி. ஐடாக்காவ கூப்பிடல, தனியாத்தான் ட்ரெயின் ஏறினேன். ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போனேன். அங்க ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும், தலைய சுத்தி துப்பட்டா கட்டிகினு செவுத்துல சாஞ்சினு இருந்தா. புருவம் கூட இல்ல. டைம் எஷ்டு ஆன்ட்டின்னு கன்னடத்துல மணி கேட்டா. அப்படியே திரும்பிட்டேன்.

இந்து: ...ஏம்மா எங்கிட்ட சொல்லல?

வாணி: சொன்னா நீ தூங்குவியா? உங்கப்பா தூங்குவாரா?

இந்து: திங்கக்கிழம நான் லீவு. காலைல ட்ரெயினுக்கு ரெண்டு பேரும் போறோம்.

வாணி: வேலைக்கு சேந்து இப்பதான் ஒரு வருஷம் ஆச்சி. அதுக்குள்ள லீவு கேட்டா இன்னா நெனப்பாங்க?

இந்து: நெனைக்கட்டும். ஊசி போட்றப்ப நான் கைய புடிச்சிக்கறேன். டாக்டர் கேக்கறதுக்கு நீ பதில் சொன்னா போதும்.

வாணி: இன்னா கேப்பாங்க?

இந்து: மொதல்ல, எவ்ளோ நாளா இருக்குதுன்னு.

வாணி: அதான் சொன்னனே. போன மாசம்... குளிக்கறப்ப...

இந்து: என்ன பாத்து சொல்லும்மா.

வாணி: பாத்துதான சொல்றேன்.

இந்து: இல்ல. தரைய பாத்துகினு இருக்க. எப்பலருந்தும்மா?

வாணி: நீ... காலேஜ்ல கடைசி செமஸ்டருக்கு ராவெல்லாம் முழிச்சி படிச்சினு இருந்தியே... அப்பலருந்து.