சிவக்காத கம்பி

காஞ்சிபுரம், 1975 பிப்ரவரி.

பெயர் கலாவதி, வயது பதினாறு, தகப்பனார் பெயர் முருகேசன், அவர் கார் டிரைவர். இருப்பிடம் பிள்ளையார்பாளையம். ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பட்டு வியாபாரி திருஞானசம்பந்தம் வீட்டில் புடவை மடிக்கும் வேலை செய்கிறேன். என் அப்பாவும் அவரிடமே வேலை செய்தார்.

மார்கழியில் ஒரு நாள் காலை, முதலாளியின் காரில் ஸ்டியரிங் பக்கத்திலிருக்கும் சிறிய கம்பிச்சுருள் சிவக்காததை நான்தான் முதலில் பார்த்தேன். அது பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைத்த கார். பனிக்காலத்தில் எஞ்சினுக்குள் இருக்கும் நான்கு ஹீட்டர் பிளக்குகளும் சூடானால்தான் வண்டி கிளம்பும். அவை சூடாவதற்கு அடையாளமாக அந்தக் கம்பி சிவக்கும். அப்பா முன்பக்கம் எண்ணெயும் தண்ணீரும் பார்க்கும்போது, ஹீட்டர் சுவிட்சை நான் அழுத்திப் பிடிப்பது வழக்கம். அன்று கம்பி கருப்பாகவே இருந்தது, வண்டி கிளம்பவில்லை.

அதன் பிறகு அப்பா மெக்கானிக் உமாபதியை அழைத்து வந்தார். அவர் பேட்டரியும் பியூஸும் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, என்னைச் சுவிட்சைப் பிடிக்கச் சொல்லி, ஒயரில் கட்டிய பல்பால் ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுக்கொண்டு போனார். மூன்றாவது பிளக்கின் ஒரு பக்கம் பல்பு எரிந்தது, மறுபக்கம் எரியவில்லை. அதைக் கழற்றிக் காட்டினார், நுனிக்கம்பி அறுந்திருந்தது. "நாலும் ஒரே இழைல கோத்திருக்குது. ஒண்ணு அறுந்தா மத்த மூணும் பொணந்தான். நாளைக்கு மெட்ராஸ் போயி வாங்கியாரேன், அதுவரைக்கும் வண்டியத் தொடாதீங்க" என்று முதலாளியிடம் சொல்லி, அறுந்ததையே திரும்ப மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதலாளி, தை முகூர்த்தத்துக்கான புடவை மூட்டைகளைப் பின்சீட்டில் ஏற்றச் சொல்லி, தாமே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, என்னைச் சுவிட்சைப் பிடிக்கச் சொன்னார். "கம்பி செவக்கல முதலாளி" என்றேன். "அட, ஊமைச்சி பேசுறாளே" என்று சிரித்தார். அதன் பிறகு துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக் கொளுத்தி, அந்தச் சூட்டிலாவது எஞ்சின் கிளம்பட்டும் என்று, அது காற்று இழுக்கும் குழாயின் வாயில் காட்டும்படி அப்பாவிடம் சொன்னார்.

"வேணாம் முதலாளி, டீசல் கசிஞ்சிக்கினு இருக்குது" என்றார் அப்பா.

"இன்னாபா, மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கிற மாதிரி தள்ளி நிக்கிற? கிட்டக் காட்டு."

அப்பா காட்டினார். முதலாளி சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒருமுறை உதறியது, குழாயடியில் கசிந்திருந்த டீசலில் தீப்பிடித்து, அப்பாவின் சட்டையும் இரண்டு கைகளும் பற்றிக்கொண்டன. நான் இறங்கி ஓடி என் தாவணியால் அவர் கைகளைச் சுற்றினேன். முதலாளி பின்கதவைத் திறந்து புடவை மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி வாசலில் வைத்தார். அதன் பிறகு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புடவை எதுவும் கருகவில்லை.

அப்பா பீடி பற்றவைத்ததால் கார் தீப்பிடித்தது என்று முதலாளி இந்தப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதைப் பிறகு அறிந்தேன். அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் இல்லை. ஆஸ்பத்திரியில் அவரைக் கேட்டதற்கு, "பீடின்னு ஒத்துக்கினா கேஸ் வேணாம்னு சொல்றாரு. நீ வாயத் தொறக்காதம்மா, கை ஆறட்டும்" என்றார். கை எப்போது ஆறும் என்று டாக்டர் சொல்லவில்லை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. சோறு நான்தான் ஊட்டுகிறேன்.

இன்று காலை உமாபதி, கருகிய ஒயர்களை மாற்றிப் புதுப் பிளக்கை மாட்டினார். சுவிட்சைப் பிடிக்க என்னையே கூப்பிட்டார்கள். கம்பி சிவந்தது. முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. முதலாளி உமாபதியின் முதுகில் தட்டி, "ஒரு பிளக்கு இன்னா பாடு படுத்திட்டுதுபா" என்றார்.

நான் சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். காரைவிட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் இங்கே நடந்து வந்தேன்.

ஏட்டு ராமலிங்கம் எழுதியதைப் படித்துக்காட்டக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் இவ்வளவே. கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை.

(ஒப்பம்) மு. கலாவதி