பல்பொடி போட்ட கண்ணாடி

பாப்பு, உன் அம்மாவை மேடையேற்றிவிட்டார்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவள் கையில் ஒலிவாங்கி. சிரிக்காதே.

அவைக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, ஆன்றோர்களே, பெற்று வளர்த்த தாய்மார்களே, இவள் எப்போது முடிப்பாள் என்று கடிகாரம் பார்க்கும் மாணவக் கண்மணிகளே!

ஒளியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். யாரை? பல்பு போனால் பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிற என்னை. ஆனாலும் சொல்வேன். என் மகள் இங்கே இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தி, நடுவே ஒளியை விட்டாள். முட்டியது, திரும்பியது, மீண்டும் முட்டியது, மீண்டும் திரும்பியது. ஒவ்வொரு முறையும் துளி ஒளி வெளியே கசிந்தது. கசிந்ததெல்லாம் கைகோத்த இடத்தில் நூல் போன்ற வெளிச்ச வளையம். மற்ற இடம் இருட்டு. புரிந்ததா? தலையாட்டுகிறீர்கள். நானும் அவளிடம் இப்படித்தான் ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கொண்டுவந்தேன். அவள் கை கழுவப் போயிருந்தாள். மேசைமேல் அந்தக் கண்ணாடிகளில் ஒன்று. வெள்ளிப் பூச்சு மங்கலாக, அந்தப்பக்கம் அரைகுறையாகத் தெரிந்தது. அப்படித்தான் இருக்கவேண்டுமாம், நான் என்னத்தைக் கண்டேன்? மங்கிய வெள்ளியைக் கண்டால் இந்தக் கை சும்மா இருக்குமா? ராத்திரியும் இங்கேயே தங்குகிறவள், அவள் பையில் பல்பொடி இருந்தது. போட்டேன், தேய்த்தேன். பூச்சே போனது. பழையபடி வைத்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

மறுநாள் வந்து சொன்னாள்: “வளையமெல்லாம் தடிச்சு மங்கிப்போச்சும்மா. யாரோ தொட்டிருக்காங்க.”

“தூசியா இருக்கும்டி.”

“தூசி வெள்ளியை உரிக்குமாம்மா?”

“எனக்கென்ன தெரியும், நான் என்ன படிச்சவளா?”

படிக்காதது எனக்குப் பயன்பட்டது அந்த ஒருநாள்தான்.

திட்டு விழுந்ததோ துப்புரவு அக்காவுக்கு. “அவங்க இல்ல சார்” என்று பாப்பு அடித்துச் சொன்னாளாம். மூன்று மாத வேலையை முதலிலிருந்து செய்தாள். முடிந்ததும் என்னை அழைத்துக் காட்டினாள்.

“எத்தனை தடவை போய் வருதோ அத்தனை கூர்மைம்மா. சீக்கிரம் வெளிய விட்டுட்டா மங்கிடும்.”

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் தள்ளத் தள்ள, காய்ச்சல் என்று படுத்தவள் எழவே இல்லை. ஓராண்டாக என் பொய் எனக்குள்ளே முட்டுகிறது, திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் கூர்மைதான் ஏறுகிறது.

இந்த ஆய்வுக்கூடத்துக்கு அவள் பெயரைச் சூட்டும் மேடையில் சொல்கிறேன்: தேய்த்தவள் நான். பின்வரிசையில் நிற்கிற அக்கா, என்னை மன்னிச்சிடுங்க.

கைதட்ட வேண்டாம், காது கொடுத்ததற்கே கடன்பட்டேன். எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒன்று மட்டும், பாப்பு. நான் கண்ணாடியைத் தேய்த்த அந்த வாரமே உன் பையில் பல்பொடி போய்ப் பற்பசை வந்ததே, அது ஏன்?