வடக்குப் பார்த்த சோலார்

திருப்பூரிலிருந்து கோவை செல்லும் ரயிலில் ஒரு மாமனும் மாப்பிள்ளையும் என் எதிரே அமர்ந்திருந்தனர். மாப்பிள்ளை சாயப்பட்டறை முதலாளி என்பது பேச்சிலேயே விளங்கிற்று. பிறர் உரையாடலில் புகுவது எனக்கு வழக்கமன்று. எனினும் அவர் கூறிய ஒரு வாக்கியம் என்னை நாளிதழை மடித்து வைக்கச் செய்தது.

“ஜெர்மன்காரனுக்கு வெயிலே இல்லீங்க மாமா. ஆனாலும் கூரை பூரா சோலார் வெச்சிருக்கறான்.”

“ஐஸ்லாந்துல தோண்டுனா சுடுதண்ணியே வருதாமா மாப்ள.”

“நம்மூர்ல எத்தன ஆழம் போர் போட்டாலும் புழுதிதானுங்க. ஆனா வெயில்ல நம்மள அடிச்சுக்க ஆளில்லீங்க.”

“அப்பறம் ஏன் மொகம் வாடிக் கெடக்குது?”

“நாளைக்கு துணி வாங்கற ஜெர்மன் பையர் பட்டறைக்கு வர்றாருங்க. வெறகு எரிக்காம, சோலார்ல தண்ணி சுட வெச்சாத்தான் ஆர்டருன்னுட்டாரு. சோலாரும் மாட்டிட்டனுங்க. தண்ணிதான் சுடவே மாட்டேங்குது.”

“எந்தப் பக்கம் பாத்து மாட்டுன?”

“வடக்க பாத்துங்க. மாட்ட வந்தவன் தெக்குன்னுதான் சொன்னான். அது எமன் தெசை, கூடவே கூடாதுன்னுட்டாரு நம்ம வாஸ்துக்காரரு.”

மாமா சன்னல் வழியே வெயிலை அண்ணாந்து பார்த்தார்.

“ஜெர்மன்காரன் எந்தப் பக்கம் வெச்சிருக்கறான்?”

“எல்லாம் தெக்கதானுங்க.”

“அதான் அவனுக்கு வெயிலே இல்லாமப் போச்சு.”

மாப்பிள்ளை அதைச் சிரிக்காமல் ஆமோதித்தார்.

“செரி, நாளைக்கு என்ன பண்ணப் போற?”

“அவரு வர்றதுக்கு முன்னாடியே வெறகப் போட்டு பாய்லர ஓட்டி, சுடுதண்ணிய சோலார் தொட்டில ஏத்திரச் சொல்லிட்டனுங்க.”

“அவரு தொட்டுப் பாத்தா?”

“கை வெந்து பொத்துப்போகுமுங்க மாமா. ஜெர்மன்ல எந்தச் சோலார்லயும் அப்பிடியொரு சூடு வராதுங்க.”