மழைக்கு நிற்காத படம்

குலசேகரம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்: "எங்க வீட்டுல ஏழு மணி சீரியல பெட்டிதான் பாக்கும். நாங்க செபத்துல இருப்போம்."

"ரெக்கார்டு ஆவுற பெட்டியா?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஆமா. ஆனா மழை தூறினா படம் நின்னுரும். உங்க டிஷ் எப்பிடிட்டி?"

"ரெக்கார்டு கெடையாது. ஆனா எவ்வளவு மழை பெஞ்சாலும் படம் நிக்காது."

"அப்போ நானும் அதுக்கே மாறுதேன். முன்ன எங்க மாமி ஏழு மணிக்கு முன்ன ஆமென் சொல்லிருவாவ. இந்தப் பெட்டி வந்த பெறவு அவியளுக்கு அவசரமே இல்ல. சபையில உள்ள எல்லாருக்க பேரையும் சொல்லி செபிக்காவ. முழங்கால்ல நின்னு நின்னு எனக்கு முட்டு நோவுது."

மற்றவள் சிரித்தாள். "யாருக்க பேரெல்லாம்?"

"சொகமில்லாதவிய, பரீட்ச எழுதுற பிள்ளைய. கடைசில உனக்க மாப்பிள்ள. துபாய்ல வேலை போச்சுல்லா, வேற வேலை சீக்கிரம் கெடைக்கணும்னு."

அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்று புறப்பட்டது. பிறகு மற்றவள் சொன்னாள்:

"ஏட்டி, மழைக்கு எங்க வீட்டுலயும் படம் நிக்கத்தான் செய்யும். நீ பெட்டிய மாத்தாத."