ஆணியில் தொங்கிய நோட்டு

என் கையெழுத்து முன்பெல்லாம் கோழி கிளறியதுபோல இருக்கும், ஐயா. மாலை வகுப்பில் தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார்கள். அதில்தான் திருந்தியது. இப்போதும் ஒரு வரி எழுதினால், சரிதானா என்று இரண்டு முறை பார்ப்பேன்.

உரக்கூடத்தில் எனக்கு அளக்கும் வேலை. காய்கறிக் கழிவையும் மரத்தூளையும் கலந்து, ஆள் உயரத்துக்கு நீளநீளமாகக் குவித்திருப்போம். குவியலுக்குள் வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். ஐம்பத்தைந்து டிகிரிக்குக் குறையாமல் பதினைந்து நாள் வெந்தால்தான் அது உரம். அரைவேக்காட்டில் மூட்டை கட்டினால் செடியின் வேர் கருகிவிடும்.

ஆறாம் குவியல் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. எழுதி வைத்தேன், சொல்லவும் சொன்னேன். குவியலைப் புரட்டும் வண்டிக்காரர் அதை அள்ளி மூட்டைக்கு அனுப்பிவிட்டார். நாற்றுப் பண்ணையில் கன்றுகளெல்லாம் சுருண்டன. முதலாளி என்னைத்தான் கூப்பிட்டார். நோட்டை நீட்டினேன். அந்தப் பக்கத்தைக் காணோம். டீசல் கையைத் துடைக்க வண்டிக்காரர் கிழித்திருந்தார்.

"வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? சொல்ல வேண்டியதுதானே" என்றார் அவர்.

"நாலு தடவை சொன்னேண்ணே."

"வண்டிச் சத்தத்துல யாருக்குடா கேக்குது?"

இனிமேல் எதையும் வாயால் சொல்லாதே, எழுது, அவர் படித்துக் கையெழுத்துப் போடட்டும் என்று முதலாளி முடித்துவிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது. வண்டிக்காரரோ ஒவ்வொரு திங்கட்கிழமையும் வாரம் முழுவதற்கும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். ஏழு மாதம் எழுதினேன். ஒரு வரிகூட அவர் படிக்கவில்லை.

வியாழக்கிழமை, குவியல்களின் சாறு வடிந்து சேரும் தொட்டியில் பம்பு அடைத்துக்கொண்டது. யாராவது இறங்குவதற்கு முன் நான் உள்ளே விஷவாயு அளக்க வேண்டும். பத்துக்கு மேல் போனால் இறங்கக் கூடாது. நூறு காட்டியது. அதற்கு மேல் அந்தக் கருவியில் எண் கிடையாது. என் மேலேயே சந்தேகம் வந்து மூன்று முறை அளந்தேன். எழுதும்போது கருவி கத்திக்கொண்டே இருந்தது. சத்தத்தை அணைத்தேன்.

'நூறு. நூறு. நூறு. இறங்கக் கூடாது.' அடிக்கோல் வைத்துக் கோடும் போட்டு, நோட்டைத் தொட்டியருகே ஆணியில் மாட்டினேன்.

"என்ன வாத்தியாரே, இறங்கலாமா?" என்றபடி வண்டிக்காரர் வந்தார்.

"நோட்டுல எழுதியிருக்கேண்ணே."

"அத நீயே படி. நல்லாத் தூக்கம் வரும்."

கையெழுத்துதான் முன்பே இருந்ததே. ஏணியில் கால் வைத்தார். நேரத்தைக் குறித்துக்கொண்டேன். ஐந்தாம் படியில் அவர் கை நழுவியது. அதற்குள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஐயா. போதிய நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை.

கழிவிலிருந்து பிளாஸ்டிக் பொறுக்கும் அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்து ஏணியைப் பிடித்தார். அக்காவின் கையை இழுத்துப் பிடித்தேன்.

"இறங்காதீங்கக்கா. விஷவாயு. செத்துருவீங்க."

அவர் என்னையே பார்த்தார். "இத அவருகிட்ட ஏன்டா சொல்லல?"

நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஐயா. அதனால்தான் அவரிடம் மட்டும் வாயால் சொன்னேன்.